காய்ந்த செங்களியில் ரோட்டவேட்டர் இறங்கவில்லை, குதிக்கிறது – மேல்மலைக்காரர்கள் வழி சொல்லுங்கள்

கூக்கால் தோட்டம்

எல்லோருக்கும் வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில் கூக்கால் பக்கம் எங்கள் குடும்பத்து நிலம் ஒன்றரை ஏக்கர் சில வருடங்களாகத் தரிசாகக் கிடக்கிறது. படிமேடையாக வெட்டிய நிலம். மேலே உள்ள மேடைகள் டிராக்டர் திரும்பும் அளவுக்கு அகலம், கீழே உள்ளவை ஒடுக்கம். மண் செங்களி. மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும், வெயில் காய்ந்தால் கடப்பாரை ‘ணங்’ என்று திருப்பி அடிக்கும்.

மே மாதத்தில் மலைப்பூண்டு ஊன்றலாம் என்று திட்டம். அதற்காக 24 எச்.பி. மினி டிராக்டரும் நாலு அடி ரோட்டவேட்டரும் வாடகைக்குப் பிடித்து மேல் மேடையில் ஓட்டிப் பார்த்தோம். மண்ணுக்குள் இறங்கவே இல்லை. குதிக்கிறது, டிராக்டரையே முன்னால் தள்ளுகிறது. மேலே இரண்டு அங்குலம் புழுதி கிளம்பியது, அடியில் மண் அப்படியே இறுகிக் கிடக்கிறது.

டிரைவர் தம்பி ரோட்டவேட்டர் மேல் மண்மூட்டை கட்டி எடை ஏற்றலாம் என்கிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் பெரிய டிராக்டர் கொண்டுவரச் சொல்கிறார். எது சரி? நடவுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

பூம்பாறை பூண்டு

தம்பி, முதலில் வண்டியை நிறுத்துங்கள். மூட்டையும் வேண்டாம், பெரிய டிராக்டரும் வேண்டாம். காய்ந்த செங்களியை ரோட்டவேட்டரால் உடைக்க முடியாது, அது அந்த வேலைக்குச் செய்த கருவியே இல்லை. ஏற்கெனவே ஒரு தடவை கிளறிய மண்ணின் கட்டியை உடைத்துப் பொலபொலப்பாக்கத்தான் ரோட்டவேட்டர். மண்ணைத் திறக்க வேறு கலப்பை, அதற்கும் முன்னால் வேண்டியது பதம்.

கோடை மழை ஒன்றிரண்டு இறங்கட்டும். அப்புறம் மேல்மண்ணை எடுக்காமல் ஒரு சாண் தோண்டி, அடியிலிருந்து ஒரு கை மண் எடுத்துப் பிடித்துப் பாருங்கள். உருண்டையே பிடிக்காமல் கல்லுகல்லாகக் கிடந்தால் இன்னும் காய்ச்சல். உள்ளங்கையில் வைத்துத் தேய்க்கும்போது பென்சிலைவிடச் சன்னமான திரியாக நீண்டு, விரலிலும் ஒட்டினால் ஈரம் அதிகம், ஓட்டக் கூடாது. உருண்டை பிடிக்க வேண்டும், கட்டைவிரலால் லேசாக அமுக்கியதும் உதிர்ந்துவிட வேண்டும். அதுதான் ஓட்டுப் பதம். செங்களியில் அந்தப் பதம் சில நாள்தான் நிற்கும், மேல்மலைக் காற்று அடித்தால் இன்னும் சீக்கிரம் போய்விடும். அதனால் மழை பெய்த மறுநாளிலிருந்தே தினமும் காலையில் பார்த்து வாருங்கள். வண்டிக்காரரிடமும் முன்னாலேயே சொல்லி வைத்துவிடுங்கள், பதம் வந்த அன்றைக்கு வண்டி கிடைக்காவிட்டால் எல்லாம் வீண்.

பெருமாள்மலை பட்டறை

பெரியவர் சொன்னதுதான் சரி. நான் இயந்திரப் பக்கத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஆபத்து இருக்கிறது.

ரோட்டவேட்டரின் உருளை டிராக்டர் சக்கரம் சுற்றும் திசையிலேயே சுற்றுகிறது. பிளேடு மேலிருந்து வந்து மண்ணில் இறங்கி, வெட்டி, பின்னால் தள்ளும். மண் வெட்டுப்பட்டால் பிரச்சினை இல்லை. இறுகிய மண்ணில் பிளேடு இறங்க முடியாமல் போகும்போது உருளையே தரையில் ஓடத் தொடங்கிவிடுகிறது. டிராக்டரைத் தள்ளுகிறது என்று சொன்னீர்களே, அது இதுதான். சமதரையில் உலுக்கலோடு போய்விடும். சரிவில் கீழ்நோக்கிப் போகும்போது இப்படித் தள்ளினால் பிரேக் பிடித்தும் வண்டி நிற்காது. மினி டிராக்டருக்கு எடையும் குறைவு.

மூட்டை கட்டினால் அந்த அடி எல்லாம் கியர்பாக்ஸுக்கும் பக்கத்து பேரிங்குக்கும் போகும். டிராக்டரிலிருந்து ரோட்டவேட்டருக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் பி.டி.ஓ. ஷாஃப்டில் ஒரு ஷியர் போல்ட் இருக்கும். அளவுக்கு மீறிச் சுமை வந்தால் தான் அறுந்து கியரைக் காப்பாற்றுவதற்காக வைத்தது. அது அடிக்கடி அறுகிறதே என்று கெட்டியான போல்ட்டைப் போட்டுவிடுகிறார்கள். அடுத்த கல்லில் கியர்பாக்ஸ் உடைந்துதான் பட்டறைக்கு வருகிறது. வாடகை வண்டியாக இருந்தாலும் ஓட்டும் முன் அந்த போல்ட் எது என்று கேளுங்கள்.

பதம் வந்த பிறகு ஓட்டும்போது: பி.டி.ஓ. 540 சுற்றுக்கு எந்த ஆர்.பி.எம். என்று உங்கள் டிராக்டர் மீட்டரில் குறி இருக்கும், அதிலேயே நிறுத்துங்கள். வண்டி வேகத்தை மட்டும் குறையுங்கள். ஒரு கணக்குச் சொல்கிறேன். பெரும்பாலும் ஒரு தட்டில் ஆறு பிளேடு, இடது பக்கம் வளைந்தது மூன்று, வலது பக்கம் வளைந்தது மூன்று. உருளை நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றினால் ஒரே தடத்தில் 600 வெட்டு விழும். மணிக்கு 2 கி.மீ. வேகத்தில் ஒவ்வொரு வெட்டும் சுமார் ஐந்தரை செ.மீ. மண்ணை எடுக்கும். 4 கி.மீ. வேகத்தில் போனால் 11 செ.மீ. எடுக்க வேண்டும். களியில் அந்தக் கடியை எடுக்க முடியாமல்தான் குதிக்கிறது. மிக மெதுவான எல்-1 கியரில் போங்கள். ஆழத்தை வைக்கும் பக்கத்து ஸ்கிட்டை ஏற்றி இறக்கி முதல் சால் இரண்டு அங்குலம், அடுத்த சால் நாலு அங்குலம் என்று இறங்குங்கள். ஒரே தடவையில் ஆழம் வேண்டாம்.

ஒட்டன்சத்திரம் வெங்காயம்

எங்கள் பக்கம் 50 எச்.பி. வண்டியில் ஆறு அடி ரோட்டவேட்டர் போட்டு இரண்டு சால் ஓட்டினால் எந்தக் களியும் உடைந்துவிடுகிறது. இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. ஜிப்சம் ஏக்கருக்குக் கொஞ்சம் போட்டு ஓட்டுங்கள், மண் இளகிவிடும்.

பெருமாள்மலை பட்டறை

அண்ணே, 50 எச்.பி. வண்டியை அந்த மேடையில் எங்கே திருப்புவது? மேடையின் வெளி ஓரம் அந்த எடையைத் தாங்காது. கீழே சமவெளியில் சரியாக வருவது இங்கே ஆளைக் கவிழ்க்கும்.

மண்ணும் வேரும்

ஜிப்சம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பலர் இதைக் கேட்டு வாங்கிக் கொட்டுகிறார்கள். சோடியம் அதிகமுள்ள களர் மண்ணில் ஜிப்சத்தின் கால்சியம் அந்தச் சோடியத்தை வெளியேற்றும், மண் இளகும். அங்கே அது மருந்து. பழனி மலையிலும் நீலகிரியிலும் இருப்பது மழை அரித்துச் சுண்ணாம்பும் சத்தும் கீழே இறங்கிப்போன புளிப்பு மண். இரும்பும் அலுமினியமும் மிஞ்சி நிற்கும், அந்த இரும்பால்தான் இந்தச் சிவப்பு. இங்கே சோடியம் தொல்லையே பொதுவாக இல்லை. அதனால் ஜிப்சம் போட்டு மண் இளகும் என்று எதிர்பார்க்க முடியாது. கார அமில நிலையைப் பார்த்துச் சுண்ணாம்போ டோலமைட்டோ போடுவதுதான் இங்கே பலன் தரும். போடும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) இந்த இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்வதும் அதனால் குறையும். அளவை மண் பரிசோதனை அட்டை பார்த்து முடிவு செய்யுங்கள், பக்கத்துத் தோட்டத்து அளவைப் பார்த்து வேண்டாம்.

கரிசலோடு இதை ஒப்பிடவும் கூடாது. கரிசல் ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும், அந்த வெடிப்பே மண்ணைத் திறந்து கொடுக்கும். நம் செங்களி அந்த அளவுக்கு விரிவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. இறுகியது இறுகியபடியே கிடக்கும். ஆகவே நாம்தான் திறந்துவிட வேண்டும். திறந்ததைத் திறந்தபடி வைத்திருப்பது எருவும் வேரும் மண்புழுவும்.

கூக்கால் தம்பி, இன்னொன்று. மேடையில் ஒரே இடத்தில் குழி எடுத்து முடிவு செய்யாதீர்கள். படிமேடை வெட்டும்போது மலைப் பக்கம் இருந்த மண்ணை வெட்டித்தான் வெளிப் பக்கம் நிரப்பியிருப்பார்கள். உள் பக்கம் மேல்மண் போய் அடிக்களி வெளியே நிற்கும், வெளிப் பக்கம் நிரப்பிய மண் ஆழமாக இருக்கும். ஒரே மேடையில் இரண்டு வகை மண். இரண்டு பக்கமும் முழங்கால் ஆழம் தோண்டிப் பாருங்கள்.

கேத்தி கேரட்

நீலகிரியிலிருந்து எழுதுகிறேன். கேத்தி பள்ளத்தாக்கில் எங்களுக்குக் கேரட்தான் பிழைப்பு, அதனால் அடிமண் இறுகினால் எங்களுக்குத்தான் முதலில் தெரியும். சில தோட்டங்களில் ஒவ்வொரு போகத்துக்கும் ரோட்டவேட்டர் மட்டுமே ஓட்டுகிறார்கள். மேலே மண் கண்ணுக்கு அழகாக இருக்கும். கேரட்டைப் பிடுங்கினால் ஐந்து அங்குலத்தில் மொண்ணையாக நின்றிருக்கும், இல்லையென்றால் இரண்டாகக் கிளைத்திருக்கும். சந்தையில் அதைத் தனியாக ஒதுக்கிவிடுவார்கள்.

காரணம் எல் வடிவ பிளேடு. அதன் படுத்த பகுதி ஒவ்வொரு தடவையும் அதே ஆழத்தில் மண்ணைச் சீவிக்கொண்டு போகிறது. மண் ஈரமாக இருக்கும்போது ஓட்டினால், மேலே உள்ள பொலபொல மண்ணைக் கையால் விலக்கிப் பாருங்கள். அடியில் கொத்தனார் கரண்டியால் பூசியது போலப் பளபளப்பாக ஒரு தளம் இருக்கும். அதில் வேர் இறங்காது, பக்கவாட்டில் திரும்பி ஓடும். தண்ணீரும் இறங்காது. மழை பெய்தால் அந்தத் தளத்துக்கு மேலே உள்ள மண் மட்டும் ஊறிக் குழைந்து, சரிவில் அப்படியே வழிந்துவிடும். எங்கள் மலையில் ஒரு பெருமழைக்குப் பிறகு ஓடைத் தண்ணீரைப் பாருங்கள், செக்கச் செவேலென்று போகும். அது அத்தனையும் யாரோ ஒருவர் எரு போட்டு வளர்த்த மேல்மண். அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

அதனால் என் கருத்து: மலையில் மண்ணைப் புழுதியாக்காதீர்கள். கோழிமுட்டை அளவுக் கட்டி அங்கங்கே கிடக்கட்டும். நன்றாகப் பொடித்த களி முதல் மழையிலேயே மேலே ஆடை கட்டி மூடிக்கொள்ளும், அப்புறம் விழும் தண்ணீர் முழுவதும் ஓட்டம்தான்.

பூம்பாறை பூண்டு

கேரட்டுக்கும் சரி, கிழங்குக்கும் சரி. ஆனால் பூண்டுக்குக் கட்டி ஆகாதே? பல் ஊன்றும் இடத்தில் கட்டி இருந்தால் பூண்டு கோணலாகத் திரளும். மலைப்பூண்டுக்கு விலையே அதன் திரட்சிக்குத்தான். பாத்தியில் மேல் நாலு விரல் மண் பொலபொலவென்று வேண்டும்.

கேத்தி கேரட்

பாத்தி மேல் மட்டும் என்றால் ஒத்துக்கொள்கிறேன் ஐயா. நான் சொன்னது நிலம் முழுவதையும் மாவாக்குவதைப் பற்றி. பாத்திக்கு நடுவே கால்வழியைக் கட்டியும் சருகுமாகவே விடுங்கள். பாத்தியும் சரிவுக்குக் குறுக்கே போக வேண்டும், மேலிருந்து கீழே அல்ல.

கூக்கால் தோட்டம்

எல்லோருக்கும் நன்றி. குழி எடுத்துப் பார்த்துவிட்டேன். ‘மண்ணும் வேரும்’ சொன்னபடியேதான் இருக்கிறது. மலைப் பக்கம் ஒரு சாணுக்குள் மஞ்சளும் சிவப்பும் கலந்த அடிக்களி வந்துவிட்டது, வெளிப் பக்கம் கறுத்த மண் நன்றாக ஆழமாக இருக்கிறது. இறுகிய தளம் ஆறேழு அங்குலத்தில் தட்டுப்படுகிறது. தரிசாவதற்கு முன் வருடக்கணக்கில் அங்கே உருளைக்கிழங்குதான் போட்டார்கள்.

இன்னொரு தொல்லை: மேடை முழுவதும் கிக்குயு புல் பாய் விரித்துக் கிடக்கிறது. ரோட்டவேட்டர் ஓட்டிய பகுதியில் அதன் தண்டு உருளையில் சுற்றிக்கொண்டு, அரிவாளால் அறுத்துத்தான் எடுத்தோம்.

கவுஞ்சி உருளை

கிக்குயு இருக்கிற நிலத்தில் ரோட்டவேட்டரை விட்டுவிட்டீர்களா? உடனே ஒன்று செய்யுங்கள். ஓட்டிய பகுதியில் நறுக்கிக் கிடக்கும் தண்டுகளை இந்த வெயில் இருக்கும்போதே வாரி வெளியே போடச் சொல்லுங்கள். கணு உள்ள ஒவ்வொரு துண்டும் மழை விழுந்ததும் தனிச் செடியாக முளைக்கும்.

மீதி இடத்தில் ரோட்டவேட்டரைக் கிட்டேயே கொண்டுபோக வேண்டாம். முதலில் கொத்துக் கலப்பை (கல்டிவேட்டர்). அதன் கொத்து தண்டை நறுக்காது, இழுத்து மேலே போடும். நாங்கள் கோடை மழை தொடங்கும் முன் இரண்டு மூன்று தடவை இப்படி இழுத்துப் போட்டு, பெண்களை வைத்து வேரோடு பொறுக்கி, மேட்டில் குவித்துக் காயவிடுவோம். கூலி கூடத்தான் ஆகும். ஆனால் இந்தச் செலவைப் பூண்டு ஊன்றிய பிறகு களைக்குச் செய்வதற்கு இப்போது செய்வது எவ்வளவோ மேல். பூண்டுக்கு இலை ஒல்லி, நிலத்தை மூடாது. கிக்குயு புகுந்தால் பூண்டை அமுக்கிவிடும்.

யூக்கலிப்டஸ், சீகை (வாட்டில்) மரம் ஏதாவது முன்னால் நின்றதா? நின்றிருந்தால் அடிக்கட்டை உள்ளே இருக்கும். புல்லைப் பொறுக்கும்போதே கட்டையையும் கல்லையும் பார்த்துக் கொடி நட்டு வையுங்கள்.

கூக்கால் தோட்டம்

ஓரத்தில் சீகைக் கட்டைகள் இருக்கின்றன அக்கா. எடுத்துவிடுகிறேன். ஆனால் காய்ந்த மண்ணில் கொத்துக் கலப்பை இறங்குமா? அந்த ஆறேழு அங்குலத் தளத்தை எதை வைத்து உடைப்பது?

மண்ணும் வேரும்

அதற்கு, மண்ணைப் புரட்டாமல் ஆழமாகக் கீறும் உளிக்கலப்பை. இறுகிய அடித்தளம் உள்ள நிலத்துக்கு அரை மீட்டர் இடைவெளியில், 40 செ.மீ. ஆழத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டச் சொல்லி வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரையே இருக்கிறது. ஒரு தடவை ஓட்டினால் இரண்டு மூன்று வருடத்துக்குப் போதும். பின்னாலேயே ஹெக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம், அதாவது ஏக்கருக்கு 5 டன். எரு போடாமல் உளி மட்டும் ஓட்டினால் மண் மறுபடி உட்கார்ந்துவிடும்.

உளிக்கலப்பைக்குப் பதம் வேறு, இதைக் கவனியுங்கள். அடிமண் ஓரளவு காய்ந்திருக்கும்போது இழுத்தால்தான் தளம் பக்கவாட்டில் விரிசல் விட்டு உடையும். சொதசொதவென்று இருக்கும்போது இழுத்தால் உளி போன இடத்தில் ஒரு கோடு மட்டும் விழும். ஆக, உளி முதல் மழைக்கு முன்னால் அல்லது லேசான தூறலுக்குப் பின்னால். ரோட்டவேட்டர் அதற்குப் பிறகு, பெரியவர் சொன்ன பதத்தில்.

பெருமாள்மலை பட்டறை

24 எச்.பி. வண்டியால் 40 செ.மீ. ஆழம் இழுக்க முடியாது, சக்கரம் சுழன்று நிற்கும். ஒற்றை உளி போட்டு 20 செ.மீ. முதல் 25 செ.மீ. வரை இழுக்கலாம். உங்கள் தளம் ஆறேழு அங்குலம் என்பதால் அதுவே அதை உடைத்துவிடும். முன் பக்கம் தூக்குகிறதா என்று பாருங்கள், தூக்கினால் முன்னால் எடைக்கல் போடுங்கள், எடை வேண்டிய இடம் அதுதான். நீளவாக்கில் மட்டும் ஓட்டுங்கள். இந்த அகல மேடையில் குறுக்கே ஓட்டினால் ஒவ்வொரு தடவையும் ஓரத்துக்குப் போய்த் திரும்ப வேண்டியிருக்கும்.

வேளாண்மைப் பொறியியல் துறையில் டிராக்டரும் கருவிகளும் வாடகைக்குக் கொடுக்கிறார்கள், உழவன் செயலியில் பாருங்கள். மேலே வர ஏற்பாடு இருக்கிறதா என்று கொடைக்கானலில் நேரில் கேட்டுவிடுவது நல்லது.

பிளேடையும் பார்த்துவிடுங்கள். சி வடிவ பிளேடு கிடைத்தால் களிமண்ணுக்கு அதையே போடுங்கள். வளைவு அதிகம் என்பதால் எல் பிளேடு அளவுக்கு மண்ணை அப்பாது, ஈர மண் ஒட்டுவதும் குறைவு. தேய்ந்து நுனி கூம்பிய பிளேடு மண்ணை வெட்டாது, இடிக்கத்தான் செய்யும். மாற்றும்போது வரிசை மாறாமல் மாட்டுங்கள். பிளேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்குமாறு திருகு வரிசையில் வைத்திருப்பார்கள், மாறினால் வண்டி முழுவதும் உதறும். புது பிளேடு போட்டால் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு எல்லா போல்ட்டையும் மறுபடி முறுக்க வேண்டும். பின்தகட்டைக் கொஞ்சம் தூக்கி வையுங்கள். அதை அழுத்தி இறக்கினால் மண் உள்ளேயே சுற்றிச் சுற்றி அரைபடும், கேத்தி அண்ணன் வேண்டாம் என்ற புழுதி அப்படித்தான் வருகிறது.

கேத்தி கேரட்

கீழே உள்ள ஒடுக்க மேடைகளில் டிராக்டரை இறக்காதீர்கள் தம்பி, பவர் டில்லரோ மண்வெட்டியோ போதும். பவர் டில்லரும் அடியில் தளம் கட்டும், அதனால் அங்கே எருவும் பசுந்தாளும்தான் துணை. நீலகிரியில் லூப்பின் என்ற பசுந்தாள் செடியை விதைத்துப் பூக்கும்போது மடக்கிவிடும் பழக்கம் உண்டு. ஆழமாக இறங்கும் வேர், அதுவே தளத்தைத் துளைத்துவிடும். உங்கள் உயரத்துக்கும் நன்றாக வரும். ஒரு போகம் விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை.

அகல மேடையிலும் வெளி ஓரத்தில் குறைந்தது ஒரு வண்டி அகலம் விட்டுவிட்டே ஓட்டுங்கள். நிரப்பிய மண், மழைக்குப் பிறகு சக்கரத்தின் கீழ் சரியும். அந்த ஓரத்தில் புல் இருப்பது நல்லது, மண்ணைப் பிடித்து வைக்கும். கிக்குயுவாக இருந்தால் அக்கா திட்டுவார்கள், ஆகவே உள்ளே வராதபடி ஒரு சிறு வாய்க்கால் வெட்டிவிடுங்கள். மேடையின் சரிவு மலைப் பக்கம் உள்வாங்கி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிப் பக்கம் சாய்ந்திருந்தால் எத்தனை உழவு ஓட்டினாலும் மண் தங்காது.

கவுஞ்சி உருளை

எனக்கு இன்னும் ஒரு கவலை இருக்கிறது. அந்த நிலத்தில் வருடக்கணக்கில் உருளைக்கிழங்கு இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். முட்டைக்கூடு நூற்புழு இருக்கிறதா என்று மண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். 1961இல் நீலகிரியில் கண்டுபிடித்த புழு, நம் மலைக்கும் வந்துவிட்டது. குண்டூசித் தலை அளவுக் கூட்டுக்குள் நூற்றுக்கணக்கில் முட்டை இருக்கும், உருளைக்கிழங்கு இல்லாமலே வருடக்கணக்கில் மண்ணில் காத்துக் கிடக்கும். பூண்டை அது தொடாது, அதனால் உங்கள் பயிருக்குப் பயமில்லை, பூண்டு போடுவது நல்லதும்கூட. ஆனால் ரோட்டவேட்டர் பிளேடில் அப்பிய ஒரு பிடி மண் போதும், அடுத்த கிழங்குத் தோட்டத்துக்குப் போய்விடும். அந்த வண்டி உங்களிடம் வரும்போதும் கழுவி வரட்டும், போகும்போதும் கழுவிப் போகட்டும்.

கூக்கால் தோட்டம்

இது எனக்குத் தோன்றவே இல்லை அக்கா. வண்டிக்காரரிடம் பேசிவிட்டேன், கழுவ ஒத்துக்கொண்டார். எங்கே வைத்துக் கழுவுவது? பிரஷர் வாஷர் இல்லை, ஓடைத் தண்ணீர் டேங்கில் இருக்கிறது.

பெருமாள்மலை பட்டறை

ஓடைக்கரையில் கழுவ வேண்டாம், தண்ணீரோடு புழுவும் கீழே இறங்கும். ஓட்டிய மேடையிலேயே கடைசி மூலையில் நிறுத்தி, அங்கேயே மண்ணை விழவிடுங்கள். பி.டி.ஓ.வைத் துண்டித்து, இன்ஜினை அணைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, ரோட்டவேட்டருக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுத்த பிறகுதான் கையை உள்ளே விட வேண்டும். ஹைட்ராலிக்கை நம்பி அடியில் உட்காராதீர்கள். லுங்கியும் துண்டும் வேண்டாம்.

முதலில் காய்ந்த மண்ணைக் குச்சியால் சுரண்டுங்கள், பிளேடு வேர்ப்பகுதியிலும் பக்கத் தகட்டின் உள்புறத்திலும்தான் அதிகம் ஒட்டியிருக்கும். அப்புறம் டேங்க் தண்ணீரும் பிரஷ்ஷும் போதும். டிராக்டர் டயர் கொண்டைகளையும் விட்டுவிடாதீர்கள். கழுவி முடிந்ததும் இரண்டு பக்க பேரிங்குக்கும் ஷாஃப்ட் மூட்டில் உள்ள சிலுவைக்கும் கிரீஸ் அடித்து அனுப்புங்கள், வண்டிக்காரர் அடுத்த தடவை கூப்பிட்ட உடனே வருவார்.